வயிற்றில் விழாத கோடுகள்

2008 பிப்ரவரி 4, திங்கள், காலை 5.10. சிட்-அப்ஸ்: எனக்கு 60, பாண்டிச்செல்விக்கு 41.

முதல் பக்கம். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஆள் 1: நான். வயது 24. எடை 71 கிலோ. டிப்ளமோ மெக்கானிக்கல். திருத்தங்கலில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ரிப்பேர்.

ஆள் 2: தங்கச்சி பாண்டிச்செல்வி. வயது 20. எடை 57. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். எட்டு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்யும் வேலை. ஜூலையில் பெண் போலீஸ் தேர்வு, மதுரையில். 400 மீட்டர் ஓட வேண்டும். "இந்த மருந்து நாத்தத்துல இருந்து வெளிய போயிரணும்ணே" என்கிறாள். வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

400 மீட்டர் இன்றைய டைம்: 89 விநாடி. சுமார்தான். காரணம் தெளிவு. வயிற்றில் ஐந்தாறு கிலோ சும்மா லோடு. அதை இறக்கினால் ஓட்டம் தானாக ஏறும்.

பிரஸ்ஸிலிருந்து பழைய வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்திருக்கிறேன். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பின் தடிமனை அளக்க வேண்டும். அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அளந்து எண்ணைச் சொல்வாள், நான் வெளியே நின்று எழுதுவேன். எனக்கு 16 மி.மீ. அவளுக்கு 24.

பிப்ரவரி 10, ஞாயிறு

சைஃபுல்லா பாயின் உடற்பயிற்சிக் கூடத்தில் வாக்குவாதம். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த சார்ட்டைக் காட்டினேன். பன்னிரண்டு வாரத்தில் வயிற்றில் ஆறு கட்டு, சிக்ஸ் பேக். பாய் பார்த்துவிட்டு, உனக்கு வரும் தம்பி, பிள்ளைக்கு வராது என்றார். பொம்பளப் பிள்ளைகளுக்கு வயிற்றில் அந்த பலமே கிடையாதாம்.

ஏன் கிடையாது? தசை தசைதான். மெஷினில் ஆண் மெஷின், பெண் மெஷின் என்று உண்டா? இதைத்தான் எல்லா இடத்திலும் சொல்லிப் பெண்களை உட்கார வைக்கிறார்கள். சித்திரைப் பொங்கலுக்குள் அவள் வயிற்றிலும் கோடு விழும் என்று பந்தயம் கட்டினேன். பாய் சிரித்தார். ஆனால் ஓட்டத்துக்கு டைம் பிடிக்கத் தன் ஸ்டாப் வாட்ச்சோடு காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்கு வருவதாகச் சொன்னார். நல்ல மனுசன், விவரம்தான் போதாது.

அந்த வெப்சைட்டில் கடைசியில் "பெண்களுக்கு" என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. பிரிண்ட் எடுக்கவில்லை. அதே பல்லவியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 19, செவ்வாய்

பாண்டிச்செல்வி லீவு. மூன்று நாள். பின்கட்டில் தனித் தட்டு, தனி டம்ளரோடு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வைத்த சட்டம். உட்கார்ந்தே சிட்-அப்ஸ் எடுக்கலாமே என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

நோட்டில் மூன்று கட்டத்திலும் L.

மார்ச் 9, ஞாயிறு

எனக்கு 11 மி.மீ. மேலே இரண்டு கட்டு தெரிகிறது. அவளுக்கு 19. ஒன்றும் தெரியவில்லை.

அதே வேலை, அதே சார்ட். அப்படியானால் உள்ளே போகும் சரக்கில்தான் கோளாறு. அவள் சாப்பாட்டைக் குறைத்தேன். காலை: முளைகட்டிய பயறு ஒரு கை, முட்டை வெள்ளைக் கரு 2. மதியம்: ஒரு சப்பாத்தி, கீரை. சாயங்காலம்: வெள்ளரிக்காய். எண்ணெய் கிடையாது. சோறு ஞாயிறு மட்டும்.

மார்ச் 21, வெள்ளி

L. ஒரே ஒரு நாள்தான். பரவாயில்லை, முன்னேற்றம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

விருதுநகர் பங்குனிப் பொங்கல். எல்லாரும் போனோம். வருஷா வருஷம் ஏதாவது ஒரு திருவிழா அவளுக்குத் தப்பும், வீட்டிலேயே கிடப்பாள். இந்த வருஷம் தப்பவில்லை.

எடை 50. 400 மீட்டர்: 84. பாய்கூட "ஏ அப்பா" என்றார். நான் சொன்னேன்ல?

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த மாதம் ஒரு L கூட இல்லை. கட்டுப்பாடு என்றால் இதுதான். பிரஸ்ஸில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் பயல்களுக்கு இதில் பாதி இருந்தால் போதும்.

முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தும் பயிற்சி: நான் 3 நிமிஷம் 5 விநாடி. அவள் 4 நிமிஷம் 10.

எனக்கு நான்கு கட்டு வெளியே வந்துவிட்டது. அவள் வயிறு தட்டையாகிவிட்டது, கோடு மட்டும் விழவில்லை. 14 மி.மீ. அங்கேயே நிற்கிறது. எனக்கு 14-இலேயே தெரிந்ததே! ஞாயிற்றுக்கிழமைச் சோறும் கட்.

மே 3, சனி

அவளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். நாகையா மாமா — அம்மாவின் தம்பி, மல்லாங்கிணறு — ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு சாத்தூரிலிருந்து காராச்சேவு வாங்கி வந்திருந்தார். அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தின்கிறாள்.

இதுதானா விஷயம். நான் காலிப்பரை வைத்து மல்லுக்கட்டுகிறேன், இவள் சேவு தின்கிறாள். பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். போலீஸ் ஆகுற மூஞ்சியப் பாரு என்றேன்.

அழவில்லை. வாயில் இருந்ததை மென்று முழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சீப்பு நிறைய முடி. ஷாம்பு சரியில்லை போல.

மே 11, ஞாயிறு

எடை 46. 400 மீட்டர்: 91.

91? பிப்ரவரியில் 89. பதினோரு கிலோ இறக்கின பிறகு எப்படி மெதுவாகும்? வாட்ச்சைச் சந்தேகப்பட்டு நானே ஓடிப் பார்த்தேன். வாட்ச் சரியாக இருக்கிறது.

ஓடி முடித்ததும் கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. பாய் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து எழுப்பிவிட்டார். "பிள்ளைய விட்ரு தம்பி. பந்தயத்துல நானே தோத்தேன்னு வச்சுக்க" என்றார். கருணை வெற்றி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

அம்மாவுக்கு என்னமோ கோபம். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும்.

மே 25, ஞாயிறு

நாகையா மாமா மறுபடியும் வந்தார், சொல்லாமல். அவரும் அம்மாவும் வாசலுக்கு வெளியே நின்று பேசினார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். மாமா மகனுக்கு இவளைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு. ஆனியிலேயே வைக்க வேண்டுமாம். ஜூலையில் தேர்வு, ஆனியில் கல்யாணமா? அப்பாவிடம் கேட்டேன். அப்பா, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற சைக்கிளை மூன்று தடவை துடைத்தார்.

நாளையிலிருந்து மைதானத்துக்குப் போகக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. ஏன்? எனக்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என்ன வீடு இது.

ஜூன் 1, ஞாயிறு, காலை 6.20

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நேற்று மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட வந்தேன். மாமா, அப்பா, அம்மா. மாமாவோடு மல்லாங்கிணற்று ஆட்கள் இரண்டு பேர். பாண்டிச்செல்வி அடுப்படிக்குள். கதவு வெளியே தாழ்ப்பாள்.

தாழ்ப்பாளைத் திறக்கப் போனேன். அம்மா குறுக்கே நின்றாள். "ரெண்டு மாசமா அவ ஒதுங்கி உக்காரலலே. ஒனக்கு எல்லாத்தையும் ஒடச்சுச் சொல்லணுமா? யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. கர்ப்பம் என்று நினைக்கிறார்கள்.

மாமாதான் சொன்னார்: "வீடு, கம்பெனி, மைதானம். கம்பெனியில பூராப் பொம்பளைக. அப்ப அந்த ஸ்டாப் வாட்ச்சுக்காரனத்தான் கேக்கணும். அஞ்சு மணிக்குக் கூடத்தத் தொறப்பான்ல."

கேட்பது என்றால் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாமாவின் வண்டியில் கோணிச்சாக்கில் சுற்றி ஏதோ இருந்தது. அப்பாவும் சட்டையை மாட்டியிருந்தார்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும்: நானும் பாயைச் சந்தேகப்பட்டேன். ஒரு நிமிஷம். அந்தத் தண்ணீர் பாட்டில் நினைவுக்கு வந்தது. அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது. வாட்ச் பிடிக்க ஒருத்தன் ஏன் தினமும் இவ்வளவு காலையில் வர வேண்டும்? — இப்படியெல்லாம். பிறகுதான் தோன்றியது: மைதானத்தில் நான் இல்லாமல் அவள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஒரு நாள்கூட. நோட்டில் இருக்கிறதே.

நோட்டை எடுத்தேன். பிப்ரவரி: L, L, L. மார்ச்: L ஒன்று. ஏப்ரல்: இல்லை. மே: இல்லை. மேல் வரியில் எடை: 57, 53, 50, 46. இரண்டு வரியும் ஒன்றாக இறங்குகின்றன. "கட்டுப்பாடு என்றால் இதுதான்" என்று என் கையெழுத்தில்.

அப்போதுதான் அந்தக் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. நான் பிரிண்ட் எடுக்காத பக்கம்.

மணி 2.10. சைக்கிளை மிதித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கரண்ட் இல்லை. மூன்றே காலுக்குத்தான் வந்தது. அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பக்கம் திறந்தது. இரண்டாவது பத்தியிலேயே இருக்கிறது. ஆண்களுக்கான அளவைப் பெண்களுக்கு வைக்கக் கூடாது. கொழுப்பு அளவுக்குக் கீழே போய், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடும் இல்லை என்றால் மாதவிலக்கு நின்றுவிடும். அது முதல் எச்சரிக்கை. அதோடு பயிற்சியை நிறுத்த வேண்டும். அச்சடித்த மாதிரி என் வீட்டுக் கதை. பிப்ரவரியிலேயே அங்கே இருந்திருக்கிறது. பிரிண்ட் எடுத்தேன்.

4.25-க்கு வீடு. மாமா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். சாவியை உருவினேன். தாழ்ப்பாளைத் திறந்தேன். நோட்டை அப்பா கையில் கொடுத்தேன்.

"இதென்னலே கணக்கு?" என்றார் மாமா.

"இது நான் அவளப் பட்டினி போட்ட கணக்கு மாமா."

பிரிண்ட்டைத் தமிழில் படித்துக் காட்டினேன். அப்பா முன்னால், மாமா முன்னால், முகம் தெரியாத இரண்டு பேர் முன்னால், என் வாயால் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு தின்னாட்டி அது நிக்குமா, எங்கன கேட்ட கதை என்று மாமா கத்தினார். டாக்டரிடம் கேட்போம், அதுவரை கூடத்துப் பக்கம் போகிறவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றேன்.

அப்பா நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினார். அவருக்கு எழுத்து தட்டித்தடவித்தான் வரும், எண் வரும். 46-இல் விரலை வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "திங்கக்கெழம ஆஸ்பத்திரி" என்றார். அவ்வளவுதான். மாமா சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பாண்டிச்செல்வி அடுப்படி வாசலில் நின்று என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "கம்பெனியில தொடுற மணிமருந்து ஒடம்புக்குள்ள போயிருச்சுன்னு நெனச்சேண்ணே. செத்துருவேன்னு நெனச்சேன்."

இரண்டு மாதமாக. தனியாக. என்னிடம் தினமும் எண் சொல்லிக்கொண்டே.

நாளை டாக்டர் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்?

ஜூன் 2, திங்கள்

டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை. கர்ப்பம் இல்லை. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். மகளை அடித்ததற்கு. அடித்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

லேடி டாக்டர் நோட்டைப் பார்த்தார். எழுதினது யார் என்று கேட்டார். சொன்னேன். அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நோயாளி ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்.

"ஒனக்கு இம்புட்டுக் கொழுப்பு போதும். இதே அளவுக்கு ஒரு பொம்பளப் பிள்ளையக் கொண்டுவந்தா, ஒடம்பு எத மொதல்ல நிறுத்தும்? பிள்ள பெறுற வேலையத்தான் நிறுத்தும். டிப்ளமோ படிச்சிருக்கேன்னு சொல்றே."

பிறகு சொன்னது, சுருக்கமாக: தசை இரண்டு பேருக்கும் ஒரே சரக்குதான். ஆண் சுரப்பு அவளுக்குக் குறைவு, அதனால் என்னுடையது மாதிரிப் புடைக்காது. அடிவயிற்றில் கொழுப்பைப் பிடித்து வைப்பது பெண் உடம்பின் வேலை. அதற்கு அடியில் தசை பலகையாக இருக்கிறது. "நான் அமுக்கிப் பாத்தேன். ஒன் வயித்தவிடக் கெட்டி. நீ கோட்டத் தேடிட்டு இருந்திருக்க."

4 நிமிஷம் 10 விநாடி. நானே எழுதி வைத்திருந்தேன். பலம் என்ற கட்டமே என் டேபிளில் இல்லை.

இரண்டு மாதம் ஓடக் கூடாது. நன்றாகச் சாப்பிட வேண்டும். நின்றது திரும்ப மூன்று மாதம் ஆகலாம், ஆறு ஆகலாம், சொல்ல முடியாது. வராமலே இருந்தால்? — கேட்கத் தைரியம் இல்லை.

இரண்டு மாதம் என்றால் ஜூலைத் தேர்வு போச்சு. அவளும் கணக்குப் போட்டிருப்பாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

சைஃபுல்லா பாய் மூன்று நாளாகக் கூடத்தைத் திறக்கவில்லை. விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கே போனேன்.

"என் பேரு இதுல எப்படி வந்துச்சு தம்பி?"

வாட்ச் பிடித்ததால் என்றேன். நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அப்படி இருக்க வராது. பாய் எழுந்தார். உள்ளே போய் ஸ்டாப் வாட்ச்சை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்க. இனி எந்தப் பிள்ளைக்கும் நான் டைம் பிடிக்கப் போறதில்ல."

வாசல்வரை வந்து, "பந்தயத்துல நானும் ஜெயிக்கல. பலமே வராதுன்னுதான நான் சொன்னேன். அதுவும் தப்புதான்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். ஆடிக் கடைசி வெள்ளி பாண்டிச்செல்வி தீச்சட்டி எடுப்பாள், ஆத்தா பிள்ளைய நேராக்கிக் கொடுக்கணும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கல்யாணப் பேச்சை அப்பா நிறுத்திவிட்டார். மாமா கோபத்தில் இருக்கிறார்.

எடை 48. என் வயிற்றில் ஆறு கட்டும் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றவே பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

இன்று மதுரையில் ஓட்டம். அவள் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள்.

ஜூலை 20, ஞாயிறு

நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். தன் பெயர் போட்ட பத்தியை மட்டும் ஸ்கேல் வைத்துக் கிழித்து எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் ஓடுவேன். என்னத்த எழுதணும்னு நான் பாத்துக்கிறேன். நீ வந்தா மைதானத்துக்கு வெளிய நில்லு."

சரி என்றேன்.

2008 ஆகஸ்ட் 15, வெள்ளி, காலை 4.50

ஆடிக் கடைசி வெள்ளி. சுதந்திர தினம், பிரஸ் லீவு. தெருவே சேர்ந்து பிடித்த வேன் 6.30-க்கு. பத்து நாளாக வீட்டில் கவிச்சி இல்லை. மஞ்சள் சேலை, மண்சட்டி, வேப்பிலை எல்லாம் வாசலில் தயார்.

பாண்டிச்செல்வியைக் காணவில்லை. பின்கட்டில் லைட் எரிகிறது. தனித் தட்டு, தனி டம்ளர்.

அம்மா என்னிடம் வந்து நின்றாள். சொல்ல வாய் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது. கண்ணும் நிறைகிறது. "கோயிலுக்கு அவ வரமாட்டாலே" என்றாள். அப்புறம், "ஆத்தா சட்டிக்குக்கூடக் காத்திருக்கல பாரு" என்று மறுபடி சிரித்தாள். அப்பா வாசலில் சைக்கிளைத் துடைக்கிறார், இருட்டில்.

நேர்ந்த சட்டியை யார் எடுப்பது என்று அம்மாவுக்குக் கவலை. நான் எடுக்கிறேன் என்றேன். நீ வெரதம் இருந்தியாக்கும் என்றாள். நாலு மாசம் எண்ணெய் படாமத் தின்னவன் நான் என்றேன். "முட்ட தின்னது வெரதத்துல சேராதுண்ணே" என்று பின்கட்டிலிருந்து அவள் குரல். ஜூனுக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்வது இதுதான் முதல் தடவை.

நம்பிக்கை இல்லைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இனி செய்ய வேண்டியது:

1. தலைக்குக் குளிப்பது. இப்பவே.

2. மஞ்சள் வேட்டி என்னிடம் இல்லை. நாகையா மாமா வேனில் வருகிறார், அவரிடம் கேட்பது. அவர் பேசாவிட்டாலும் கேட்பது.

3. அந்தக் கடைசிப் பக்கத்தைத் தமிழில் எழுதி, பிரஸ்ஸில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு ஷீட் அடித்து, பாயிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. கூடத்தில் ஒட்டுவதும் ஒட்டாததும் அவர் இஷ்டம்.

4. வெர்னியரை பிரஸ்ஸில் எடுத்த இடத்தில் வைப்பது.

5. அடுத்த வருஷத் தேர்வுக்கு அவள் கேட்டால் மட்டும் வாட்ச் பிடிப்பது. மைதானத்துக்கு வெளியே நின்று.

6. தீச்சட்டி. ஆற்றிலிருந்து கோயில் வரை, இறக்காமல்.

7. திரும்பும்போது சாத்தூரில் இறங்கி காராச்சேவு வாங்குவது. அரைக் கிலோ. பின்கட்டில் கொண்டுபோய் வைப்பது.